ஆட்டங்காணும் வீடு: சபை உரையாளரின் முதுமைப் பாடல் பற்றிய ஒரு திறனாய்வு

அடக்கத் திருப்பலிகளிலும் இறந்தோர் நினைவு நாள்களிலும் மறையுரையாளர்கள் விரும்பி எடுத்தாளும் பகுதிகளுள் ஒன்று, சபை உரையாளர் நூலின் பன்னிரண்டாம் அதிகாரம். இளமையிலேயே படைத்தவரை நினைக்கவேண்டும் என்னும் தொடக்க அறிவுரையைப் பற்றிக்கொள்கிறோம். உடல் மண்ணுக்கும் உயிர்மூச்சு இறைவனுக்கும் திரும்பும் என்னும் முடிவையும் பற்றிக்கொள்கிறோம். இவ்விரண்டுக்கும் இடையே முதுமையின் கோலத்தைச் சில வசனங்களில் தீட்டிக்காட்டும் பாடலை மட்டும் விரைந்து கடந்துவிடுகிறோம். மக்களுக்கு அது விளங்காது என்பது நாம் சொல்லிக்கொள்ளும் காரணம். உண்மைக் காரணம் வேறாகவும் இருக்கலாம். முன்வரிசையில் கைத்தடியை மடியில் சாய்த்து அமர்ந்திருக்கும் முதியோரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதனை விளக்குவது எளிதன்று.

திருநூலை இறைவாக்காக ஏற்கும் நாம் அதனை இலக்கியமாகவும் வாசிக்கக் கடமைப்பட்டவர்கள். திருநூலாசிரியர்கள் கையாண்ட இலக்கிய வகைகளைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்று 1965இல் வெளிவந்த, இறைவெளிப்பாடு பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு வலியுறுத்துகிறது. அந்த அடிப்படையில் இப்பாடலை ஈண்டு மூன்று கேள்விகளோடு அணுக விழைகிறோம். இப்பாடல் முதுமையை உள்ளபடி காட்டுகிறதா? எதனைக் காட்டாமல் விடுகிறது? விட்டதை நிரப்பும் குரல்கள் வேறு எங்கே ஒலிக்கின்றன?

விடுகதையா, வீடா?

ஒரு பெரிய வீட்டைக் கற்பனை செய்யச் சொல்கிறார் கவிஞர். அதன் காவலர் நடுங்குகின்றனர். திடமான ஆடவர் முதுகு வளைகின்றனர். மாவரைப்போர் சிலராகிக் கைஓய்கின்றனர். சாளரத்தருகே நிற்போருக்கு வெளியே உள்ளவை புலனாவதில்லை. தெருக்கதவு சாத்தப்படுகிறது, திரிகையின் ஓசை தாழ்கிறது, பறவையின் குரலுக்கே உறக்கம் கலைகிறது. பாட்டு ஓய்கிறது. மேடு கண்டால் அச்சம், வழியில் இறங்கினால் அச்சம். வாதுமை மரம் பூக்கிறது, வெட்டுக்கிளி தன்னையே இழுத்துச் செல்கிறது, பசி தூண்டும் கனி பயனற்றுப் போகிறது.

இதனை விடுகதையாகக் கொண்டு விடை கண்டவர்கள் பலர். பாபிலோனியத் தால்முதின் சபாத் பகுதியிலேயே, ஒவ்வோர் உருவகத்துக்கும் ஓர் உடலுறுப்பைப் பொருத்தும் உரை காணப்படுகிறது. திடமான ஆடவர் கால்கள், மாவரைப்போர் பற்கள், சாளரத்தில் நிற்போர் கண்கள். காவலரைக் கைகள் என்பாரும் உண்டு, விலா எலும்புகள் என்பாரும் உண்டு. வாதுமைப்பூவை நரைமுடி என்று நம்மில் பலர் விளக்குகிறோம். இந்த உரைமரபு தவறன்று. ஆயினும் அதனோடு நின்றுவிட்டால் பாடல் ஓர் உறுப்புப் பட்டியலாகச் சுருங்கிவிடும். விடை கிடைத்தபின் விடுகதையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எபிரேய மூலம் வேறு ஒன்றையும் நமக்குத் தருகிறது. காவலரும் திடமானவரும் அங்கே ஆண்பாற் பன்மையில் உள்ளனர். மாவரைப்போரும் சாளரத்தில் நிற்போரும் பெண்பாற் பன்மையில் உள்ளனர். அதாவது, கவிஞர் முதலில் கண்டது உடலை அன்று, ஒரு குடும்பத்தை. வாயிலில் ஏவலர், உள்ளே தலைமக்கள், திரிகையடியில் பணிப்பெண்கள், சாளரத்தில் வீட்டுப் பெண்டிர் என ஆளும் ஓசையும் நிறைந்த வீடு அது. அந்த நிறைவு ஒவ்வொன்றாகக் குறைகிறது. முதியவரின் உடல் தளரும்போது வீடு முழுவதும் அவருக்குத் தொலைவாகிறது என்பதையும், வீட்டார் விலகும்போது உடல் மேலும் தளர்கிறது என்பதையும் இவ்வுருவகம் ஒருங்கே உணர்த்துகிறது. இதனை உறுப்புப் பட்டியலால் சொல்ல இயலாது.

கவிஞரின் கூர்ந்த பார்வை

இனி, பாடல் எவ்வளவு உண்மையானது எனக் காண்போம். செவியைப் பற்றிய இரு குறிப்புகள் முரண்படுவதாகத் தோன்றும். திரிகையின் ஓசையே தாழ்ந்து கேட்கும் ஒருவர், பறவையின் குரலுக்கு எவ்வாறு விழிப்பார்? இன்றைய மருத்துவ அறிவு இம்முரணை அவிழ்க்கிறது. முதுமையில் செவி எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் இழப்பதில்லை. உச்சத்தொனி ஒலிகளே முதலில் மறைகின்றன. அப்படியாயின் பறவையின் கீச்சொலிதான் முன்னதாகக் கைவிட்டுப் போகவேண்டும். ஆனால் முதுமையில் உறக்கமும் மெலிகிறது. முன்னிரவிலேயே வந்து, விடியுமுன்னே கலைந்துவிடுகிறது. பறவை எழுப்புவதால் முதியவர் விழிக்கவில்லை, பறவை கூவும் வேளையில் அவர் ஏற்கெனவே விழித்திருக்கிறார். இருவேறு தளர்ச்சிகளை ஒரே மூச்சில் சொல்லிய கவிஞர், முதியவர் ஒருவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவராக இருந்திருக்கவேண்டும்.

உச்சத்தொனி மறைவதன் விளைவு வீட்டாருக்குப் புரிவதில்லை. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த தொனியின. ச, ஸ, ஷ போன்ற உரசொலிகள் உயர்ந்த தொனியின. எனவே பேசுவது முதியவருக்குக் கேட்கிறது, என்ன சொல் என்பதுதான் தெளிவதில்லை. திருமண வீட்டிலும், எதிரொலிக்கும் கோவிலிலும் இது மிகும். "கூப்பிட்டால் கேட்கிறது, சொன்னால் கேட்கவில்லையா?" என்று மருமகள் சினந்துகொள்வதும், வேண்டும்போது மட்டும் அவருக்குக் காது கேட்கும் என்று பேரப்பிள்ளைகள் நகைப்பதும் இதனாலேயே. கத்திப் பேசுவது பயன் தராது. முகத்தைக் காட்டி, நிறுத்தி, தெளிவாகப் பேசுவதே பயன் தரும்.

கண்ணின் நிலையும் இத்தகையதே. நாற்பதைக் கடந்தவுடன் கண்ணின் வில்லை விறைத்து, அண்மையில் உள்ள எழுத்து கலங்குகிறது. பின்னர் அது மஞ்சளித்து ஒளியை மறைக்கிறது. பாவை முன்போல் விரிவதும் இல்லை. இருபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குச் செல்லும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதில் உள்ளே செல்கிறது என்பர் கண்ணியலார். நமக்குப் போதுமான விளக்கு முதியவருக்கு அந்திப்பொழுது.

மேடும் வழியும் அச்சம் தருவதை வெறும் கோழைத்தனமாகக் கவிஞர் காட்டவில்லை. உடலின் சமநிலையைக் காப்பவை மூன்று: கண், உட்செவி, மூட்டுகளிலிருந்து வரும் உணர்வு. மூன்றும் ஒருசேரத் தளரும்போது கோவிலின் மூன்று படிகளும் மலையாகின்றன. ஒருமுறை விழுந்தவர் மீண்டும் விழுவோமோ என அஞ்சி நடப்பதைக் குறைக்கிறார். நடப்பது குறைய, தசை மெலிகிறது. தசை மெலிய, விழுவது கூடுகிறது. பசி தூண்டும் கனியை எழுபதின்மரின் கிரேக்க மொழிபெயர்ப்பு 'கப்பாரிஸ்' எனக் குறிக்கிறது. நடுநிலக்கடல் நாடுகளில் உணவுக்குச் சுவை சேர்க்கும் செடி அது. முதுமையில் நாவைவிட மூக்கே அதிகம் தளர்கிறது. மணம் அறியாதபோது சுவையும் போய்விடுகிறது. சமையலில் உப்பில்லை, உறைப்பில்லை எனக் குறைகூறும் முதியவரிடம் உள்ள குறை குணத்தில் அன்று, மூக்கில்.

பாடல் சொல்லாமல் விட்டது

கை, கால், பல், கண், செவி, உறக்கம், துணிவு, முடி, பசி என இத்தனையும் சொன்ன கவிஞர், அறிவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நூல் முழுவதும் ஞானத்தைத் தேடி அலைந்த ஒருவர், முதுமையைப் பாடும்போது ஞானம் என்னவாகும் என்று கேட்காதது வியப்பே. இதனை நாம் இருவகையாகக் கொள்ளலாம். புலன்களின் தளர்ச்சியை அறிவின் தளர்ச்சியாகக் கருதக்கூடாது என்ற நுட்பம் எனலாம். காணவேண்டியதைக் காணாமல் விட்ட குறை எனவும் கூறலாம்.

முதற்கருத்துக்குச் சான்று சாமுவேலின் இரண்டாம் நூல், பத்தொன்பதாம் அதிகாரத்தில் உள்ளது. அப்சலோமின் கிளர்ச்சி அடங்கியபின் எருசலேமுக்குத் திரும்பும் தாவீது, துன்பநாளில் தமக்கு உணவளித்த கிலயாது நாட்டுப் பர்சில்லாயைத் தம்மோடு வந்து தங்க அழைக்கிறார். அவருக்கு வயது 80. நல்லது தீயது பிரித்தறியவும், உண்பதைச் சுவைக்கவும், பாடகரின் குரலைக் கேட்கவும் தம்மால் இயலாது என்கிறார் அவர். அரசருக்குச் சுமையாவானேன் என்று மறுத்து, தாய்தந்தையரின் கல்லறை இருக்கும் ஊரிலேயே இறக்க விடைகேட்டு, தமக்குப் பதிலாகக் கிம்காமை அனுப்பிவைக்கிறார்.

இவ்வுரையின் அழகே அதன் முரண்தான். பகுத்தறிய இயலவில்லை என்பவரின் பேச்சில் எத்துணைப் பகுத்தறிவு! அரசரின் மனம் கோணாமல் மறுக்கிறார், காரணத்தை அடுக்குகிறார், தம் வேண்டுகோளைச் சொல்கிறார், இளையவன் ஒருவனின் எதிர்காலத்துக்கும் வழிசெய்கிறார். நாவும் செவியும் தளர்ந்தன, தீர்ப்புத்திறன் தளரவில்லை. சிந்திக்கும் வேகம், பெயர்களை நினைவுக்குக் கொணர்தல், ஒரே நேரத்தில் இரண்டைக் கவனித்தல் ஆகியவை வயதோடு குறைகின்றன. மாறாக, சொல்வளமும் வாழ்க்கை தந்த அறிவும் நெடுங்காலம் நிலைக்கின்றன. உளவியலார் ரேமண்ட் கேட்டல் இருபதாம் நூற்றாண்டில் வகுத்துக்காட்டிய இவ்வேறுபாட்டைப் பர்சில்லாய் தம் பேச்சிலேயே வாழ்ந்துகாட்டுகிறார்.

நம் தமிழிலும் இதற்கு இணையான ஒரு குரல் உண்டு. புறநானூற்றின் 243ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவர் ஊன்றிய தடியைக் குறிக்கும் பாடல் தொடராலேயே தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கப்படுகிறார். மணலில் பாவை செய்து விளையாடியதையும், மரக்கிளையிலிருந்து ஆழ்ந்த நீரில் குதித்து அடிமணலை அள்ளிவந்ததையும் நினைந்து, இன்று தடியூன்றி நடுங்கி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசும் தம் நிலைக்கு இரங்குகிறார். மாண்ட தலைவனுக்காக இரங்கும் கையறுநிலைத் துறையில் இப்பாடலை வைத்தது பொருத்தமே. இங்கே மாண்டது அவருடைய இளமை. சபை உரையாளர் முதியவரை வெளியிலிருந்து பார்க்கிறார். இவரோ முதுமைக்குள் இருந்து பேசுகிறார். நேற்று நடந்தது மறந்தாலும் இளமையில் நடந்தது நினைவில் பசுமையாக நிற்பதை வீடுதோறும் காண்கிறோமே, அதுவும் இப்பாடலில் உள்ளது. ஆயினும் இவர் பாட்டில் கடவுளும் இல்லை, கைப்பிடித்து நடத்தும் மகனும் இல்லை. இரக்கம் உண்டு, ஆறுதல் இல்லை.

இருண்ட பக்கம்

பர்சில்லாயை மட்டும் சொல்லி மனநிறைவு அடைதல் ஆகாது. தொடக்கநூல் 27ஆம் அதிகாரத்தில் பார்வை இழந்த ஈசாக்கைப் பாருங்கள். கண் உதவாதபோது அவர் மற்றப் புலன்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார். தொட்டுப் பார்க்கிறார், உண்டு பார்க்கிறார், முகர்ந்து பார்க்கிறார். மூன்றும் அவரை ஏமாற்றுகின்றன. செவி மட்டும் உண்மை சொல்கிறது, அதனை அவர் நம்பவில்லை. ஏமாற்றியவர்கள் அயலார் அல்லர்; மனைவியும் மகனும். மீட்பு வரலாற்றில் இந்நிகழ்ச்சிக்கு உள்ள இடத்தை விளக்கும் அவசரத்தில், கண்ணில்லாத ஒரு முதியவர் தம் வீட்டிலேயே வஞ்சிக்கப்பட்டதை நாம் மறந்துவிடுகிறோம். இன்றும் பத்திரத்தாளில் பெருவிரலைப் பிடித்து அழுத்துபவர்கள் யார் என்பதை வாசகர்கள் அறிவார்கள். பராமரிப்பதாக நிபந்தனையிட்டுச் சொத்தைப் பெற்றவர் கைவிட்டால் அக்கொடையைச் செல்லாததாக்க 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச்சட்டம் இடமளிக்கிறது. அப்படியொரு சட்டம் தேவைப்பட்டதே நமக்கு இழுக்கன்றோ?

சில வேளைகளில் அறிவே மங்கிவிடுவதும் உண்டு. சாவியை வைத்த இடம் மறப்பது வயதின் இயல்பு. சாவி எதற்கு என்பதே மறப்பது நோய். இதனைப் பாவம், பிடிவாதம், பேயின் வேலை எனச் சொல்வது அறியாமை. சபை உரையாளர் விட்ட இவ்விடத்தை விவிலியத்தில் நேராக நின்று பேசுபவர் சீராக். தந்தையின் அறிவாற்றல் குன்றினாலும் மகன் பொறுமை காக்கவேண்டும் என்றும், தன் வலிமையை எண்ணி அவரை இகழக்கூடாது என்றும் மூன்றாம் அதிகாரத்தில் அவர் பணிக்கிறார். முதுமையைச் சபை உரையாளர் இளைஞருக்கு எச்சரிக்கையாக்குகிறார். சீராக் அதனை மகனுக்குக் கடமையாக்குகிறார். மேலும் ஒரு நயம் உண்டு. எபிரேயத்தில் எழுதப்பட்ட இந்நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்து நமக்கு அளித்தவர் அவருடைய பேரனே. தம் மொழிபெயர்ப்பின் குறைகளைப் பொறுத்துக்கொள்ளுமாறு முன்னுரையில் அவர் வாசகரை வேண்டுகிறார். முதியவரின் சொல்லைக் குனிந்து கேட்டு, அடுத்த தலைமுறைக்கு எடுத்துச்சொன்ன பேரன் ஒருவனால்தான் இக்கட்டளை நம் கைக்கு வந்தது.

நம் தீர்ப்பு

இப்பாடலை இவ்வளவு ஆராய்வதற்கு ஒரு கடனும் காரணம். முன்னர் நாம் பணிசெய்த பங்கு ஒன்றில், பணிநிறைவு பெற்ற ஆசிரியர் ஒருவர் பல்லாண்டுகளாக ஞாயிறு முதல் வாசகம் வாசித்து வந்தார். ஒருநாள் ஒரு வரியைத் தாண்டினார். பிறிதொருநாள் வாசித்த வரியையே மீண்டும் வாசித்தார். பெரியவருக்கு நினைவு தடுமாறுகிறது என்று நாமே முடிவு செய்து, வாசகத்தை இளைஞர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். அவர் மறுப்பேதும் சொல்லவில்லை. கடைசி இருக்கைக்குப் போய்விட்டார். சில திங்கள் கழித்துக் கண்புரை அறுவை முடிந்து வந்தபோது சொன்னார்: "எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிந்தது சாமி. சொல்ல வெட்கமாக இருந்தது." வாசக மேடையில் ஒரு விளக்கும், பெரிய எழுத்துத் தாளும் போதுமானவையாக இருந்திருக்கும். கண்ணின் குறையை அறிவின் குறையாகத் தீர்ப்பிட்டோம். சபை உரையாளர் அவ்விரண்டையும் கலக்கவில்லை. இறையியல் பயின்ற நாம் கலந்தோம்.

எனவே நம் தீர்ப்பு இதுவே. முதுமையின் புலத்தளர்ச்சியை இவ்வளவு செறிவாகக் காட்டிய பாடல் அரிது. அதன் வீட்டு உருவகம் இன்றும் உயிரோடு உள்ளது. ஆயினும் அவ்வீட்டில் முதியவர் தம் குரலில் பேசவில்லை, அவருக்குப் பணிவிடை செய்வாரும் இல்லை. முன்னதைப் பர்சில்லாயிடமும் நம் புறநானூற்றுப் பெரியவரிடமும், பின்னதைச் சீராக்கிடமும் சேர்த்து வாசித்தால்தான் பாடல் நிறைவுபெறும். பங்குகளில் வாசித்து விளக்குவோர் இவற்றைச் சேர்த்தே விளக்குவார்களாக.

சாளர உருவகத்துக்கு நம் காலத்தில் ஓர் உரை கிடைத்தது. 1999இல் முதியோருக்கு மடல் எழுதிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 2005 மார்ச் 27, உயிர்ப்புப் பெருவிழாவன்று தம் சாளரத்தருகே வந்து நின்றார். பேச முயன்றார், சொல் எழவில்லை. கையால் சிலுவை அடையாளம் வரைந்து ஆசி வழங்கினார். ஏப்ரல் 2ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அன்று சதுக்கத்தில் நின்றவர்கள் அவரை விட்டுக் கலைந்துபோகவில்லை, அண்ணாந்து பார்த்து நின்றார்கள். சாளரத்தின் உள்ளே இருப்பவருக்குப் பார்வை மங்கலாம், குரல் அடங்கலாம். வெளியே நின்று பார்ப்பவர்கள் உள்ளனரா என்பதே கேள்வி.

யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில், முதிர்ந்த வயதில் நீ கை நீட்டுவாய், வேறொருவர் உனக்குக் கச்சை கட்டுவார் என்ற பொருள்பட ஆண்டவர் பேதுருவிடம் சொல்கிறார். பேதுரு எவ்வாறு இறப்பார் என்பதை அச்சொற்கள் குறித்ததாக நற்செய்தியாளர் உரைக்கிறார். அதை அடுத்து ஆண்டவர் சொன்னது, தம்மைப் பின்தொடரும் அழைப்பு. பிறர் கையை நாடும் காலமும் சீடத்துவத்துக்குள் அடங்கும் என நாம் கொள்ளலாம். நம் வீட்டிலும் ஒருவர் கை நீட்டுகிறார். வேட்டியைக் கட்டிவிடவும், கஞ்சியை ஊட்டவும், சொன்னதையே பத்தாம் முறை சொல்லும்போது முதல்முறைபோல் கேட்கவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் கச்சையை எப்படிக் கட்டுகிறார் என்பதையும் ஆண்டவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.